பட்டியல் இடைவெளி: ஒரு எண்ணை மாற்றினால் புத்தகம் முழுக்க மாற வேண்டும்

யாழ்ப்பாணத்தில் பக்கம் அமைக்கும் வேலை என்றால் பாதி வேலை பட்டியல்தான். அந்தியேட்டிக் கல்வெட்டில் (இறந்தவரின் நினைவாக 31ஆம் நாளில் வெளியிடும் சின்னப் புத்தகம்) பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள். கும்பாபிஷேக மலரில் உபயகாரர்கள். பரிசளிப்பு விழா அறிக்கையில் பாடவாரியாகப் பரிசு பெற்றவர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கும் திருநெல்வேலிப் பக்கம் இருந்து வரும் ஆய்வேடுகளில் நோக்கங்கள், கருதுகோள்கள், பரிந்துரைகள். கொக்குவிலில் வீட்டு முன்னறையில் இருந்துகொண்டு நான் செய்கிற தொழில் இது. வேர்ட்டில்தான் பெரும்பாலும் செய்கிறேன், ஏனென்றால் வாடிக்கையாளர் கொண்டு வருவதும் திருத்தித் திருப்பி அனுப்புவதும் வேர்ட் ஃபைலைத்தான்.

பேரப்பிள்ளைகளின் பெயர் ரொறன்ரோவில் இருந்து வட்சப்பில் வரும். மருமக்களின் பெயர் லண்டனில் இருந்து மின்னஞ்சலில் வரும். நன்றி நவிலல் இங்கேயே யாரோ ஒரு தம்பி தட்டியது. மூன்றையும் ஒரே ஃபைலில் ஒட்டினால் மூன்று பட்டியலும் மூன்று விதமாக நிற்கும், ஒவ்வொன்றும் தன் இடைவெளியைத் தன்னோடு கூட்டிக்கொண்டு வருவதால். இதைப் பட்டியல் பட்டியலாக, என்டர் தட்டியும் அழித்தும் சரிப்படுத்தப் போனால் 31ஆம் நாளுக்குள் புத்தகம் அச்சுக்குப் போகாது. அச்சுக் கோத்த காலத்தில் வரிக்கு வரி ஈயத் தகட்டைக் கையால் செருகினார்கள். என்டர் தட்டுகிறவர்கள் இன்றைக்கும் அதைத்தான் செய்கிறார்கள், கையில் தகடு இல்லை, அவ்வளவுதான்.

இடைவெளி எழுத்துக்குள் இருக்கக் கூடாது, ஸ்டைலுக்குள் (ஒரு வகைப் பந்திக்குரிய அளவுகளை எல்லாம் சேர்த்து ஒரு பெயரில் வைக்கும் அமைப்பு) இருக்க வேண்டும். இது எல்லாருக்கும் தெரிந்த புத்திமதி. நான் சேர்ப்பது இன்னொன்று: அந்த இடைவெளியை எப்போதும் பந்திக்கு முன்னால் வையுங்கள், பின்னால் வைக்காதீர்கள். இந்த ஒன்றைச் செய்தால் பட்டியல் தொல்லையில் முக்கால்வாசி தீர்ந்துவிடும். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு பட்டியலில் மூன்று இடைவெளி

ஒரு பட்டியலை எடுத்து வடிவாகப் பாருங்கள். "அன்னாரின் மறைவால் துயருறுவோர்:" என்று ஒரு அறிமுக வரி. அதற்கும் முதல் பெயருக்கும் நடுவே ஒரு இடைவெளி. பெயருக்கும் பெயருக்கும் நடுவே ஒன்று. கடைசிப் பெயருக்கும் அடுத்த பந்திக்கும் நடுவே இன்னொன்று. மூன்றும் ஒரே அளவாக இருந்தால் எது எதோடு சேர்ந்தது என்று கண்ணுக்குத் தெரியாது. அறிமுக வரி பட்டியலோடு ஒட்டி நிற்க வேண்டும். பெயர்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்க வேண்டும். பட்டியல் முடிந்த பிறகு அடுத்த பந்தி கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும்.

வேர்ட் தானாகத் தருவது இதற்கு நேர் எதிர். 2013 முதல் பல வருடங்களாக வந்த வேர்ட்டில் சாதாரணப் பந்திக்குப் பின்னால் 8 பொயின்ட் (ஒரு பொயின்ட் அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு) இடைவெளி, வரி உயரம் 1.08 மடங்கு. 2007இலும் 2010இலும் அது 10 பொயின்ட், 1.15 மடங்கு. புல்லட் பொத்தானை அமுக்கியதும் அந்த வரிகளுக்கு லிஸ்ட் பரகிராஃப் என்ற ஸ்டைல் ஏறிவிடும். அந்த ஸ்டைலில் ஒரு சரி அடையாளம் முன்கூட்டியே போடப்பட்டிருக்கும்: ஒரே ஸ்டைலில் உள்ள பந்திகளுக்கு நடுவே இடம் விடாதே என்பது அதன் பொருள். விளைவு என்ன? அறிமுக வரிக்குப் பின்னால் அந்த 8 பொயின்ட் அப்படியே நிற்கும், உருப்படிகளுக்கு நடுவே ஒன்றுமே இராது. அறிமுக வரி மேலே தனியாகத் தொங்கும், கீழே எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்.

ஆங்கிலத்தில் ஒவ்வொரு உருப்படியும் மூன்று நான்கு சொல்லில் ஒரே வரியில் முடிந்தால் அந்த நெருக்கம் பரவாயில்லை. தமிழில் அப்படி முடிவது குறைவு. நம் சொற்கள் நீளம், ஏ5 பக்கத்தின் அகலமோ சின்னது, உருப்படி இரண்டு மூன்று வரிக்குச் சர்வசாதாரணமாகப் போகும். உள் வரிக்கும் அடுத்த உருப்படிக்கும் ஒரே இடைவெளி என்றால் வாசிக்கிறவர் இடப்பக்க இலக்கத்தைத் தேடித் தேடித்தான் வாசிக்க வேண்டும். ஆகவே தமிழ்ப் பட்டியலுக்கு உருப்படிகளுக்கு நடுவே ஏதாவது வேண்டும். 11 பொயின்ட் எழுத்துக்கு 2 பொயின்ட் போதும், 3 தாராளம். 6 என்பது அளவு மிஞ்சியது, பட்டியல் உடைந்து தனித்தனிப் பந்திகளாகத் தெரியத் தொடங்கும்.

முன்னால் வைப்பதன் கணக்கு

இடைவெளியைப் பந்திக்குப் பின்னால் வைத்தால், கடைசி உருப்படிக்கு மட்டும் வேறு அளவு வேண்டும், அறிமுக வரிக்கு மட்டும் வேறு அளவு வேண்டும். அதற்கென்று தனித்தனி ஸ்டைல் செய்ய வேண்டும். வாடிக்கையாளர் கடைசி நேரத்தில் ஒரு பெயரைக் கீழே சேர்த்தால் முந்திய கடைசி உருப்படி நடுவே வந்து, தன் பெரிய இடைவெளியோடு பல்லிளித்துக்கொண்டு நிற்கும்.

முன்னால் வைத்துப் பாருங்கள். சாதாரணப் பந்திக்கு முன்னால் 6, பின்னால் 0. பட்டியல் உருப்படிக்கு முன்னால் 2, பின்னால் 0. அறிமுக வரி சாதாரணப் பந்திதான், அதற்குப் பின்னால் 0. எனவே அதற்கும் முதல் உருப்படிக்கும் நடுவே 2 மட்டும். உருப்படிகளுக்கு நடுவே 2. பட்டியல் முடிந்ததும் அடுத்து வருவது சாதாரணப் பந்தி, அது தன் 6ஐத் தானே கொண்டு வரும். மூன்று இடைவெளியும் தானாகச் சரியாக விழும். எங்கே பெயர் சேர்த்தாலும் நீக்கினாலும் கெடாது.

இதில் இன்னொரு இலாபமும் உண்டு. ஒரு பந்தியின் பின் இடைவெளியும் அடுத்த பந்தியின் முன் இடைவெளியும் சந்தித்தால் என்ன நடக்கும் என்பது மென்பொருளுக்கு மென்பொருள் வேறு. சிலதில் இரண்டும் கூடும், சிலதில் பெரியது மட்டும் எடுபடும். பின்னால் எப்போதும் 0 என்று வைத்துவிட்டால் அந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. ஃபைலை இன்னொரு மென்பொருளில் திறந்தாலும் கணக்கு மாறாது.

பந்திகளுக்கு நடுவே இடமே விடாமல், முதல் வரியை உள்ளே தள்ளி அமைக்கும் புத்தகங்களுக்கு மட்டும் ஒரு சின்னச் சேர்க்கை வேண்டும். அங்கே சாதாரணப் பந்தியின் முன் இடைவெளி 0, ஆகவே பட்டியல் முடிந்ததும் அடுத்த பந்தி அதன்மேல் முட்டும். அதற்கு "தொடர் பந்தி" என்று ஒரு ஸ்டைல் செய்து, முன்னால் 6 கொடுத்து, முதல் வரித் தள்ளலை எடுத்துவிடுங்கள். பட்டியலுக்குப் பிறகு அதே வசனம் தொடர்கிற இடங்களில் தள்ளல் இல்லாமல் இருப்பதுதான் முறையும்.

வேர்ட்டில் செய்வது

முதலில் ஃபைலைப் பிரதி எடுத்து வையுங்கள். அப்புறம் கன்ட்ரோல், ஷிஃப்ட், 8 மூன்றையும் சேர்த்து அமுக்கினால் மறைந்திருக்கும் குறிகள் எல்லாம் தெரியும். பந்தி முடிவுக் குறி தனியாக ஒரு வரியில் நிற்கும் இடமெல்லாம் யாரோ என்டரால் விட்ட இடைவெளி. கன்ட்ரோல், எச் இரண்டையும் அமுக்கி, தேடும் பெட்டியில் தொப்பிக் குறியும் சின்ன ஆங்கில பி எழுத்தும், திரும்ப அதே இரண்டும், நடுவே இடமில்லாமல் (^p^p) தட்டுங்கள். மாற்றும் பெட்டியில் அந்தச் சோடி ஒரே ஒரு தடவை. ரிப்ளேஸ் ஒல் கொடுத்து, எண்ணிக்கை மேலும் குறையாது என்னும் வரை திரும்பத் திரும்ப அமுக்குங்கள். முன்னட்டைப் பக்கத்தில் பெயரை நடுவுக்குக் கொண்டுவர யாராவது என்டர் தட்டியிருந்தால் அதுவும் போய்விடும். அட்டையைத் தனி ஃபைலாக வைத்திருப்பது இதற்காகவும் நல்லது.

பிறகு ஸ்டைல் பலகையைத் திறந்து, புதிய ஸ்டைல் என்பதை அமுக்கி, இரண்டு ஸ்டைல் செய்யுங்கள். தமிழிலேயே பெயர் வைக்கலாம். நான் "உடல் பந்தி", "பட்டியல் 1" என்று வைக்கிறேன். நோர்மல் ஸ்டைலைத் திருத்தி அதையே பயன்படுத்தலாமே என்று கேட்பார்கள். வேண்டாம். அட்டவணைக் கட்டம், பக்கத் தலைப்பு, அடிக்குறிப்பு எல்லாம் நோர்மலில் இருந்து பிறந்தவை. அங்கே 6 பொயின்ட் வைத்தால் அட்டவணை எல்லாம் வீங்கும்.

உடல் பந்திக்குரிய பெட்டியில் இடது கீழ் மூலையில் ஃபோர்மட் இருக்கும், அதற்குள் பரகிராஃப். பிஃபோர் 6, ஆஃப்டர் 0, லைன் ஸ்பேசிங் எக்ஸாக்ட்லி, அளவு 15. பட்டியல் 1 ஸ்டைலை உடல் பந்தியை அடிப்படையாக வைத்துச் செய்யுங்கள். அப்போதுதான் எழுத்துருவையோ வரி உயரத்தையோ பிறகு மாற்றினால் இரண்டும் சேர்ந்து மாறும். அதில் பிஃபோரை மட்டும் 2 ஆக்கி, நான் மேலே சொன்ன சரி அடையாளம் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை நீங்கள் 2 கொடுத்தாலும் 20 கொடுத்தாலும் உருப்படிகளுக்கு நடுவே ஒன்றும் அசையாது. "அக்கா, எண்ணைக் கூட்டுறன், ஒண்டும் நடக்குதில்லை" என்று யாராவது தொலைபேசியில் சொன்னால் நான் முதலில் கேட்பது இந்த அடையாளத்தைத்தான்.

அந்த அடையாளத்துக்கும் ஒரு நல்ல உபயோகம் உண்டு. ஒரு வரிக்கு மேல் போகாத பெயர்ப் பட்டியலுக்கு "பட்டியல் நெருக்கம்" என்று மூன்றாவது ஸ்டைல் செய்து, பிஃபோர் 3 கொடுத்து, அடையாளத்தைப் போட்டுவிடுங்கள். முதல் பெயருக்கு முன் மட்டும் 3 நிற்கும், மற்றப் பெயர்கள் ஒட்டிக்கொள்ளும்.

ஸ்டைல் செய்யும் பெட்டியில் ஒட்டோமட்டிக்கலி அப்டேட் என்று ஒன்று இருக்கும். அதைத் தொடாதீர்கள். போட்டுவிட்டால், எங்கேயோ ஒரு உருப்படியை மட்டும் கையால் நகர்த்தியதும் புத்தகம் முழுக்க நகரும்.

வரி உயரத்துக்கு ஏன் எக்ஸாக்ட்லி என்று ஒரு வார்த்தை. 1.08, 1.15 என்று மடங்காகக் கொடுத்தால் வேர்ட் அதை எழுத்துருவின் சொந்த உயரத்தோடு பெருக்கும். தமிழ் எழுத்துருக்களுக்கு மேலே கொம்பும் சுழியும், கீழே வாலும் இருப்பதால் அந்தச் சொந்த உயரம் கூடுதல். ஒரு உருப்படியில் லண்டன் முகவரி ஆங்கிலத்தில் வந்து வேறு எழுத்துரு ஏறினாலோ, பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய பெயர் ஒன்று யூனிகோட் எழுத்துருவோடு கலந்தாலோ, அந்த வரி மட்டும் உயரம் மாறும். இடைவெளி கூடிவிட்டது என்று நீங்கள் பிஃபோரைக் குறைப்பீர்கள். பிழை அங்கே இல்லை. எக்ஸாக்ட்லி 15 என்று கட்டிவிட்டால் எந்த எழுத்துரு வந்தாலும் 15தான். ஆனால் 14க்குக் கீழே போகும்போது ஸ்ரீ, ணூ, கீ போன்றவற்றின் தலையோ காலோ வெட்டுப்படுகிறதா என்று பாருங்கள். படத்தை எழுத்தோடு எழுத்தாக வரிக்குள் வைத்திருந்தால் அந்தப் பந்திக்கு எக்ஸாக்ட்லி ஆகாது, படத்தின் ஒரு கீற்று மட்டும்தான் தெரியும். கல்வெட்டில் ஐயாவின் படம் 15 பொயின்ட் கீற்றாக நிற்பதை ஒருக்கா பார்த்தால் மறக்க முடியாது. படத்துக்கென்று வரி உயரம் சிங்கிள் உள்ள தனி ஸ்டைல் வையுங்கள்.

இலக்கம் ஸ்டைலுக்குள் போக வேண்டும்

பலர் இடைவெளியை ஸ்டைலில் வைத்துவிட்டு, புல்லட்டையும் இலக்கத்தையும் மட்டும் மேலே உள்ள பொத்தானில் அமுக்கிப் போடுவார்கள். அப்படிச் செய்தால் பின்னால் ஒரு சிக்கல் வரும்.

வெளியில் இருந்து ஒட்டிய பட்டியலைச் சுத்தப்படுத்தக் கெதியான வழி, அதைத் தெரிவு செய்து கன்ட்ரோல் கியூ அமுக்குவது. கையால் போட்ட பந்தி அமைப்பு எல்லாம் போய், ஸ்டைல் சொல்வது மட்டும் மிஞ்சும். பொத்தானால் போட்ட இலக்கமும் கையால் போட்டதுதான், ஆகவே அதுவும் சேர்ந்து போய்விடும். இலக்கம் ஸ்டைலுக்குள்ளேயே இருந்தால் போகாது. வழி இது: மல்டிலெவல் லிஸ்ட் பொத்தானில் டிஃபைன் நியூ மல்டிலெவல் லிஸ்ட், அதற்குள் மோர் என்பதை அமுக்கினால் வலப்பக்கம் விரியும். லிங்க் லெவல் டு ஸ்டைல் என்ற இடத்தில் முதல் மட்டத்துக்கு பட்டியல் 1ஐத் தெரிவு செய்யுங்கள்.

இடப்பக்கத் தள்ளலையும் அங்கேயே கொடுத்துவிடுங்கள். அலைன்ட் அட் 0, டெக்ஸ்ட் இன்டென்ட் அட் 0.75 சென்றிமீற்றர், இலக்கத்துக்குப் பின் டப். இலக்கம் 10ஐத் தாண்டும் பட்டியல் என்றால் நம்பர் அலைன்மென்டை ரைட் ஆக்கி, அலைன்ட் அட்டை 0.5 ஆக்குங்கள், 9க்கும் 10க்கும் புள்ளி ஒரே நேராக விழும். ஸ்டைலின் பரகிராஃப் பெட்டியிலோ மேலே உள்ள அளவுகோலிலோ தள்ளலைத் தொடாதீர்கள். இரண்டு இடத்தில் இரண்டு அளவு இருந்தால் எது வெல்லும் என்று நீங்கள் ஊகிக்க வேண்டியதாகிவிடும். பிஃபோர் மட்டும் ஸ்டைலில், தள்ளல் மட்டும் பட்டியல் பெட்டியில்.

(அ), (ஆ), (இ) என்று கையால் தட்டும் பழக்கம் நமக்கு உண்டு, பரீட்சை வினாத்தாளில் கட்டாயம் வரும். தட்டலாம், தப்பில்லை. ஆனால் எழுத்துக்குப் பின்னால் ஸ்பேஸ் பாரை அமுக்கித் தள்ளாமல் டப் ஒன்று கொடுங்கள், அதற்கென்று இலக்கம் இல்லாத தனி ஸ்டைல் செய்து அதில் ஹங்கிங் தள்ளல் வையுங்கள். அப்போதுதான் இரண்டாவது வரி முதல் வரியின் நேரே விழும்.

உள்பட்டியல் இருந்தால் "பட்டியல் 2", அதற்கு பிஃபோர் 0. உள்ளே போகப் போக இடைவெளி குறைய வேண்டுமே தவிரக் கூடக் கூடாது.

ஏற்கெனவே குழம்பிய ஃபைல்

ஸ்டைல்கள் தயார் என்றால் மிச்சம் கெதியாக முடியும். ஸ்டைல் பலகையில் லிஸ்ட் பரகிராஃப் பெயரின் மேல் வலது சொடுக்கு, செலக்ட் ஒல் என்று ஒன்று வரும், எத்தனை இடத்தில் உள்ளது என்ற எண்ணிக்கையோடு. அமுக்கினால் புத்தகம் முழுவதிலும் உள்ள எல்லா உருப்படியும் ஒரேயடியாகத் தெரிவாகும். பட்டியல் 1ஐ அமுக்குங்கள், அப்புறம் கன்ட்ரோல் கியூ. இரண்டு விநாடி வேலை. கையால் சிறுகோடு தட்டிப் போட்ட போலிப் பட்டியல்கள் இதில் அகப்படாது. அவற்றை மட்டும் தேடிப்பிடித்து ஸ்டைலை ஏற்றி, கோட்டை அழிக்க வேண்டும். வட்சப்பில் வருபவை அநேகமாக இந்த வகைதான், நட்சத்திரக் குறியும் கைகூப்பும் படமுமாக.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு பட்டியல் மட்டும் அடங்காமல் நின்றால், அதற்குள் கேர்சரை வைத்து ஷிஃப்ட் எஃப் 1 அமுக்குங்கள். வலப்பக்கம் அந்தப் பந்தியின் சாதகம் முழுவதும் வரும். டிஸ்டிங்குவிஷ் ஸ்டைல் சோர்ஸ் என்பதைத் தெரிவு செய்தால் எது ஸ்டைலில் இருந்து வந்தது, எது கையால் போட்டது என்று பிரித்துக் காட்டும். இணையத்தில் இருந்து ஒட்டியதென்றால் பிஃபோரிலும் ஆஃப்டரிலும் எண்ணுக்குப் பதிலாக ஓட்டோ என்று நிற்கும். அதுதான் குற்றவாளி. இனிமேல் ஒட்டும்போது கீப் டெக்ஸ்ட் ஒன்லி என்று ஒட்டினால் இந்த வம்பே இல்லை.

ஒரு உருப்படிக்குள் முகவரி மூன்று வரியாக வருகிறது என்று வையுங்கள். என்டர் தட்டினால் அடுத்த இலக்கம் வந்துவிடும், அல்லது நடுவே 2 பொயின்ட் விழும். ஷிஃப்ட் என்டர் தட்டுங்கள், வரி மட்டும் உடையும், பந்தி உடையாது. அந்த வரிகள் இரண்டு பக்கமும் விரிந்து நிற்கும் அமைப்பில் இருந்தால் சொற்கள் இழுபட்டுக் கிழியும். பட்டியலுக்கு இடப்பக்கம் மட்டும் ஒட்டிய அமைப்பே நல்லது. அறிமுக வரி பக்கத்தின் அடியிலும் பட்டியல் மறுபக்கத்திலும் போகாமல் இருக்க, உடல் பந்தியை அடிப்படையாக வைத்து "அறிமுக வரி" என்று ஒரு ஸ்டைல் செய்து கீப் வித் நெக்ஸ்ட் போட்டுக்கொள்ளுங்கள்.

49ஆம் பக்கம்

இதெல்லாம் எதற்கு என்று கேட்டால், எனக்கு அழகைவிடப் பக்கக் கணக்குத்தான் முக்கியம். நடுவே கம்பி அடிக்கும் புத்தகம் நான்கு நான்கு பக்கமாகத்தான் கூடும். 48 பக்கத்தில் முடிய வேண்டியது 49க்கு ஒரு வரி வழிந்தால் 52 பக்கத்துக்குத் தாள் வாங்க வேண்டும். "அக்கா, 49 ஆயிட்டுது, என்ன செய்யிறது?" என்று உதவிக்கு வரும் தங்கச்சி கேட்கிற நேரத்தில் ஒவ்வொரு பட்டியலாகத் திறந்து அமுக்கிக்கொண்டிருக்க முடியாது.

கணக்கைப் பாருங்கள். ஏ5 தாளின் உயரம் 210 மில்லிமீற்றர். மேலும் கீழும் 18 விட்டால் மிச்சம் 174, அது ஏறக்குறைய 493 பொயின்ட், ஒரு அங்குலத்துக்கு 72 பொயின்ட் என்ற கணக்கில். 15 பொயின்ட் வரி என்றால் 32 வரி பிடிக்கும். நல்லூரைப் போல 25 நாள் திருவிழா நடக்கும் கோயில் ஒன்றின் உபயகாரர் பட்டியலை எடுத்துக்கொள்வோம், ஆளுக்கு ஒரு வரி. 25 வரிக்கு 375 பொயின்ட். ஒவ்வொன்றுக்கும் முன்னால் 6 வைத்தால் 150 கூடி 525, பக்கத்தில் அடங்காது, கடைசி உபயகாரர்கள் மறுபக்கம் போவார்கள். தீர்த்தத் திருவிழா உபயகாரர் அதை இலேசில் விடமாட்டார். 2 வைத்தால் 425, தலைப்புக்கும் அறிமுகத்துக்கும் 68 பொயின்ட் மிஞ்சும். பட்டியல் 1இல் ஒரே ஒரு எண்தான் வித்தியாசம். 2ஐ 1.5 ஆக்கியும் பார்க்கலாம், வேர்ட் அரை பொயின்ட்டை ஏற்கும். புத்தகம் முழுக்கப் பட்டியல்கள் பரவியிருந்தால் அந்த அரைப் பொயின்ட்டே வழிந்த ஒரு வரியை உள்ளே இழுத்துவிடும், பார்க்கிறவருக்குத் தெரியவும் தெரியாது. வரி உயரத்தை 15இல் இருந்து 14.5 ஆக்குவது இதைவிடக் கூட மிச்சம் தரும், ஆனால் கண்ணுக்கு அது தெரியும். நான் முதலில் பட்டியலைத்தான் இறுக்குவேன்.

மற்ற மென்பொருள்கள்

லிப்ரே ஒஃபிஸ் ரைட்டரில் எஃப் 11 அமுக்கினால் ஸ்டைல் பலகை. பந்தி ஸ்டைலில் இன்டென்ட்ஸ் அன்ட் ஸ்பேசிங் பகுதியில் அபவ் பரகிராஃப் என்பதுதான் இங்கே முன் இடைவெளி, பிலோ என்பது பின் இடைவெளி. அந்தச் சரி அடையாளம் இங்கேயும் உண்டு. அளவு சென்றிமீற்றரில் காட்டும். எண்ணோடு பொயின்ட்டுக்குரிய ஆங்கிலச் சுருக்கத்தையும் தட்டினால் தானே மாற்றிக்கொள்ளும். 2 பொயின்ட் 0.07 சென்றிமீற்றராகத் தெரிந்தால் திகைக்க வேண்டாம். வெற்றுப் பந்திகளை அழிக்க, தேடும் பெட்டியில் ரெகியுலர் எக்ஸ்பிரஷன்ஸைத் தெரிவு செய்து ^$ என்று தேடி, மாற்றும் பெட்டியை வெறுமையாக விட்டு எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

இன்டிசைனில் பந்தி ஸ்டைலுக்குள் ஸ்பேஸ் பிஃபோர் இருக்கிறது. ஒரே ஸ்டைல் பந்திகளுக்கு நடுவே தனி அளவு கொடுக்கும் வசதி 2019 பதிப்பில் வந்தது. அங்கே ஆட்களைக் குழப்புவது வேறு ஒன்று. வரிகளை பேஸ்லைன் கிரிட்டில் (எல்லா வரியும் உட்கார வேண்டிய சம தூரக் கோடுகள்) பூட்டியிருந்தால் நீங்கள் கொடுக்கும் 2 பொயின்ட் அடுத்த கோட்டுக்குத் தாவி ஒரு முழு வரியாக விழும். பட்டியல் ஸ்டைலுக்கு மட்டும் கிரிட்டை நன் ஆக்கிவிடுங்கள். எதிரெதிர்ப் பக்கங்களின் வரிகள் நேராக நிற்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்கள் பட்டியலுக்கு மேலே 7.5, கீழே 7.5, உள்ளே 0 என்று வைக்கலாம். இரண்டும் சேர்ந்து ஒரு வரியாகி, பட்டியலுக்குப் பிறகு வரிகள் திரும்பக் கோட்டில் ஏறும்.

எல்லாம் சரிவந்ததும் எழுத்தை அழித்துவிட்டு ஃபைலை டெம்ப்ளேட்டாகச் சேமித்து வையுங்கள். கல்வெட்டுக்கு ஒன்று, மலருக்கு ஒன்று, ஆய்வேட்டுக்கு ஒன்று. ஆய்வேட்டுக்குப் பீடம் தரும் அறிவுறுத்தலில் வரி இடைவெளி தனியாகச் சொல்லியிருப்பார்கள், அதை முதலில் வாசித்துவிட்டு எண்களைப் போடுங்கள். பிஃபோர் கணக்கு அப்படியேதான்.

கடைசியாக ஒன்று. பிடிஎஃப்பை வட்சப்பில் அனுப்பினால் கனடாவில் இருக்கும் மகன் கைத்தொலைபேசியில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு இடம் கூடிப்போச்சு என்பார், மகள் காணாது என்பார். இரண்டையும் நம்பி எண்ணை மாற்றாதீர்கள். பட்டியல் உள்ள ஒரு பக்கத்தை மட்டும் அச்செடுத்து, புத்தகம் பிடிக்கும் தூரத்தில் பிடித்து வாசித்துப் பாருங்கள். அச்செடுக்கும்போது அக்சுவல் சைஸ் என்று தெரிவு செய்ய வேண்டும். ஃபிட் என்று விட்டால் ஏ5 பக்கம் ஏ4 தாளை நிரப்ப விரிந்துவிடும், உங்கள் 2 பொயின்ட் 3க்குக் கிட்டப் போய் நிற்கும்.